‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதிவிடாதீர்கள்

கேள்வி: தனியார் மருத்துவக் கல்லூரியில் முதுகலை முதலாண்டு மாணவி நான். 36 மணி நேரம் தொடர்ந்து டியூட்டி, நோயாளிகள் முன்னிலையிலேயே வசவு, உறக்கமே இல்லை. இரண்டு வாரமாகப் பணிக்குச் செல்லவில்லை. விலகினால் பாண்டுத் தொகையை (படிப்பை இடையில் விட்டால் கட்டுவதாக எழுதிக் கொடுத்த பணம்) கட்டும்வரை மூலச் சான்றிதழ்களைத் தரமாட்டோம் என்கிறார்கள். வழக்குத் தொடரலாமா?

பதில்: உங்கள் துன்பத்தை நான் ஐயுறவில்லை, ஆயினும் வசவையும் பணி நேரத்தையும் மட்டும் வைத்து இந்த வழக்கு நிற்காது. நாளொன்றுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை மத்திய அரசு 1992இலேயே வகுத்துவிட்டது. அது மீறப்பட்டதாலேயே பாண்டு செல்லாததாகிவிடாது. அந்த இரண்டு வாரம் கல்லூரிக் கோப்பில் மருத்துவ விடுப்பாக இருக்கிறதா, அனுமதியற்ற வராமையாக இருக்கிறதா என்பதே கேள்வி.

இங்கேதான் பலர் சறுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். இரவு டியூட்டி முடித்த களைப்பில், ‘சொந்தக் காரணங்களால் படிப்பைத் தொடர இயலவில்லை’ என்று துறைத் தலைவருக்கு ஒற்றை வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுவார்கள். மனநல மருத்துவரிடம் போவதோ ஆறு வாரம் கழித்து. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்து, நோய் என்றால் அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அதற்கு என் கட்சிக்காரர்களிடம் பதில் இருந்ததில்லை. உடன் படிக்கும் நண்பர் எழுதித் தந்த சான்றிதழோ இன்னும் மோசம். அது உங்கள் நேர்மையையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

ஆகவே இன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். வழக்குக்காக மட்டுமல்ல, உங்களுக்காகவும்தான். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். மருத்துவர் தரும் சீட்டுடன், வராத நாள்களையும் குறிப்பிட்டு, முதல்வருக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் விடுப்பு கேளுங்கள். விலகல் கடிதம் இப்போது வேண்டாம். விடுப்பால் பயிற்சிக்காலம் நீண்டால் நீளட்டும்.

சான்றிதழ் விற்பனைப் பண்டமல்ல, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் சான்றிதழ் கைக்கு வந்தாலும் கடன் தீராது. கல்லூரி பணத்துக்குத் தனியே வழக்குப் போடலாம். ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே; நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்றாலும், கலந்தாய்வு முடிந்தபின் உங்கள் இடம் காலியாகவே கிடந்தால் கல்லூரிக்கு நேரும் இழப்பு சிறியதல்ல.

விலகுவதே முடிவென்றால் சமரசம் பேசுங்கள் என்பதே என் அறிவுரை. மாணவர் மனநலத்தைக் காரணம் காட்டி, விலகல் பாண்டைக் கைவிடுமாறு தேசிய மருத்துவ ஆணையம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அது கட்டளையல்ல, ஆனால் பேச்சுவார்த்தையில் எடைபெறும். தொகையைக் குறைத்துத் தவணை கேளுங்கள். ‘முதலில் பணம், பிறகு சான்றிதழ்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்: முதல் தவணை கட்டும் அன்றே சான்றிதழ்களைத் தருவதாகவும், கடைசித் தவணையுடன் பாக்கியில்லாச் சான்று தருவதாகவும் எழுத்தில் கையொப்பம் பெற்ற பிறகே பணத்தைக் கொடுங்கள்.