மேலே இருக்கும் வடிவமே கிளிக்கை வாங்கிக்கொள்கிறது, அடியில் இருப்பதை எப்படிப் பிடிப்பது?

நீங்கள் கேட்டது: பிரவுசரில் ஓடும் வரையும் புரோகிராமில் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாக மவுஸ் ஹேண்ட்லர் (மவுஸ் அசைவுக்குப் பதிலாக ஓடும் ஃபங்ஷன்) வைத்திருக்கிறீர்கள், இரண்டு வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் அடியில் உள்ளதற்கு ஈவென்ட் (கிளிக், நகர்வு பற்றிய பிரவுசரின் அறிவிப்பு) வருவதே இல்லை, வேகமாக இழுத்தால் வடிவம் பாதியில் நின்றுவிடுகிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடைக்காகப் பிரவுசரில் ஓடும் டிசைன் புரோகிராம் எழுதியபோது இதிலேயே நாலு நாள் போனது. கண்ணீர் அஞ்சலி பேனரில் அடியில் போட்டோ, அதன்மேல் பெயர், எல்லாவற்றுக்கும் மேல் பூமாலை ஃப்ரேம். மாலைக்கு நடுவே கண்ணுக்குக் காலியாகத்தான் தெரியும், ஆனால் பிரவுசருக்கு அந்தப் பிஎன்ஜி படம் முழுச் செவ்வகம். கடைக்கார அண்ணன், “தம்பி, போட்டோவைத் தொட்டா மாலை நகருது, வீட்டுக்காரங்க வேற பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்க” என்று போன் செய்தார்.

பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஈவென்ட் ‘பபிள்’ ஆகும் என்றால் அது தாய் எலிமென்ட்டை, அதாவது தன்னை உள்ளே வைத்திருக்கும் பக்கக் கூறை நோக்கிப் போகும், அவ்வளவுதான். திரையில் அடியில் தெரியும் வடிவம் தாய் இல்லை, பக்கத்தில் நிற்கும் உடன்பிறப்பு, அதனால் பபிள் ஆவதை நிறுத்தும் ஸ்டாப்ப்ரொபகேஷனை எடுத்தாலும் போட்டாலும் அதற்கு ஒன்றும் போய்ச் சேராது.

ஹேண்ட்லர்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். வரைபலகைக்கு ஒரே ஒரு ஹேண்ட்லர் போதும், கிளிக் யாருக்கு என்பதை உங்கள் புரோகிராம் முடிவு செய்யட்டும். வடிவங்களை வரைந்த வரிசையில் ஒரு பட்டியலில் வைத்து, அழுத்தியதும் கடைசியிலிருந்து பின்னோக்கி வந்து, “இந்தப் புள்ளி உன் மேல் இருக்கிறதா” என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். முதலில் சுற்றுச் செவ்வகத்தைப் பாருங்கள், அது சரியென்றால் மட்டும் துல்லியமான சோதனை. பிக்சல்களாக வரையும் கேன்வாஸில் அதற்கு இஸ்பாயின்ட்இன்பாத் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. மெல்லிய கோட்டுக்கு நாலைந்து பிக்சல் தாராளம் கொடுங்கள், அதை ஜூம் அளவால் வகுக்க மறக்காதீர்கள். படமென்றால் அந்தப் பிக்சலின் ஆல்ஃபா மதிப்பை (ஒளிபுகாத அளவு) கெட்இமேஜ்டேட்டாவால் படியுங்கள், 0 என்றால் அங்கே காலி, அடுத்ததற்குப் போய்விடலாம், மாலைப் பிரச்சினை எனக்கு இதில்தான் தீர்ந்தது. (வேறு தளத்திலிருந்து அனுமதியில்லாமல் ஏற்றிய படமாக இருந்தால் கெட்இமேஜ்டேட்டா பாதுகாப்புப் பிழை கொடுக்கும்.)

ஒவ்வொரு வடிவமும் தனி எலிமென்ட்டாக இருக்கும் எஸ்விஜி என்றால் வேலை குறைவு. டாக்குமென்ட்டின் எலிமென்ட்ஸ்ஃப்ரம்பாயின்ட் அந்தப் புள்ளியில் உள்ளவற்றை மேலிருந்து கீழாக வரிசையாகவே கொடுத்துவிடும். சிஎஸ்எஸ்ஸில் பாயின்ட்டர்-ஈவென்ட்ஸ் நன் போட்டு, அந்த எலிமென்ட்டைக் கிளிக் கண்டுகொள்ளாதபடி செய்யச் சொல்வார்கள், நகர்த்தவே தேவையில்லாத அலங்காரத்துக்கு மட்டும் அதைப் போடுங்கள், மாலைக்குப் போட்டால் அப்புறம் மாலையைத் தொடவே முடியாது.

இழுப்பது நின்றுபோவதற்குக் காரணம், மவுஸ் வடிவத்தைத் தாண்டிப் போனதும் மூவ் ஈவென்ட் வேறொன்றுக்குப் போய்விடுவதுதான். அழுத்தியபோது கிடைத்த வடிவத்தை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, விடும்வரை வேறு சோதனையே செய்யாமல் அதையே நகர்த்துங்கள். மவுஸ் ஈவென்ட்டுக்குப் பதில் பாயின்ட்டர் ஈவென்ட் (மவுஸ், விரல், பேனா எல்லாவற்றுக்கும் பொதுவானது) வைத்து, வரைபலகையில் செட்பாயின்ட்டர்கேப்சர் போட்டால் பலகைக்கு வெளியே போனாலும் விடுபடாது. இழுப்பைப் பிரவுசரே பாதியில் ரத்து செய்யும்போது வரும் பாயின்ட்டர்கேன்சல் வந்தாலும் அந்த மாறியைக் காலி செய்யுங்கள்.

முழுக்க மூடிய வடிவத்தை எடுக்க, இங்க்ஸ்கேப் என்ற வரையும் புரோகிராமில் ஆல்ட் அழுத்திக் கிளிக் செய்தால் அடியில் உள்ளது தேர்வாகும். நானும் அதையே வைத்தேன், கூடவே லேயருக்கு ஒரு பூட்டும். அண்ணன் இப்போது மாலையைப் பூட்டிவிட்டுத்தான் போட்டோவில் கை வைக்கிறார்.