கண் வெளுத்துவிட்டது, நோய் போய்விட்டதா?

கேள்வி: எனக்கு 54 வயது. ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூர். பனை ஓலையில் கொட்டான் முடைகிறேன். ஒரு வருஷமாகவே கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல். சாயங்காலம் ஆனால் சிவந்து, தண்ணீராக வடிகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விட்டால் மறுநாளே வெளுத்துவிடுகிறது. நாலைந்து மாதமாக அதைத்தான் விட்டு வருகிறேன். இப்போது ஓலைப் பின்னலை எண்ணுவதே சிரமமாக இருக்கிறது. கண்புரையாக இருக்குமோ? ஆறு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. என் அம்மாவுக்குக் கண் அழுத்தத்தால் ஒரு கண் பார்வை போய்விட்டது. நந்தியாவட்டைப் பூச்சாறு விடலாம் என்கிறார்களே?

பதில்: ஆச்சி, முதல் வேலையாக அந்தச் சொட்டு மருந்தின் லேபிளைப் பேரப்பிள்ளைகள் யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், ப்ரெட்னிசோலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது உறுத்தலோ கண்ணீரோ இல்லை, இந்த மருந்துதான்.

ஸ்டீராய்டு எந்தச் சிவப்பையும் சீக்கிரம் அடக்கிவிடும். அதனால்தான் ‘நல்ல மருந்து’ என்று பெயர் வாங்கி, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறது. சிவப்புக்கான காரணம் மட்டும் அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பொதுவாகப் பாதரச அளவில் 10 முதல் 21 மி.மீ. வரை இருக்க வேண்டிய அழுத்தம் அதைத் தாண்டிப் போய், பார்வை நரம்பை மெல்ல மெல்ல அரிக்கும். வலி இருக்காது. பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் குறையும் என்பதால் ரொம்ப நாள் தெரியவும் தெரியாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தக் கண் அழுத்த நோய் இருந்தவர்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் இப்படி அழுத்தம் ஏறும் வாய்ப்பு அதிகம். உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது. போதாததற்கு இந்த மருந்தே கண்புரையையும் வரவழைக்கும்.

ஆகவே அதை இனி விட வேண்டாம். நிறுத்தினால் சில நாள் சிவப்பு கூடுதலாகத் தெரியலாம், அதற்குப் பயந்து மறுபடி கை வைத்துவிடாதீர்கள். (கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் எழுதிக்கொடுத்து இதே மருந்தை விடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது. அவர்கள் கதை வேறு.)

சரி, உறுத்தலுக்கு வருவோம். நீங்கள் சொல்வது பெரும்பாலும் கண் வறட்சி. தண்ணீராக வடிகிற கண் எப்படி வறண்ட கண்ணாகும் என்று கேட்பீர்கள். கண்ணை மூடியிருக்க வேண்டிய மெல்லிய ஈரப்படலம் உடைந்துபோனால் கருவிழி உறுத்தும். அந்த உறுத்தலுக்குத்தான் கண்ணீர் கொட்டுகிறது. ஆனால் அது வழிந்து போய்விடுமே தவிர, படலமாக நிற்காது. கொட்டான் முடையும்போது பக்கத்தில் இருக்கிறவரிடம் உங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஓலையைச் செருகி இழுக்கும் அந்த நேரம் முழுக்கக் கண் இமைப்பதே குறைந்திருக்கும். மேலே மின்விசிறி வேறு சுழலும். மாதவிடாய் நின்ற வயதும் ஒரு காரணம். நம் பக்கத்து வெயிலும் செம்மண் புழுதியும், பலகாரம் சுடும்போது விறகடுப்புப் புகையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற இடமாகப் பாருங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கித் தூரத்தில் எதையாவது பார்த்து, நாலைந்து முறை கண்ணை நன்றாக மூடித் திறங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, சூடு பொறுக்கும் பதத்தில், மூடிய இமை மேல் ஐந்து நிமிஷம் வைத்தால் இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் திறக்கும். கண்ணுக்கு ஈரம் தரும் சொட்டு மருந்து தனியாக இருக்கிறது. அதைப் பரிசோதித்த பிறகு எழுதித் தருவார்கள்.

நந்தியாவட்டைச் சாறு வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவுமே வேண்டாம். கிருமி நீக்காத எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் தொழில். ஓலை நுனியோ ஈர்க்கோ கருவிழியைக் கீறினால், அந்தக் கீறல் வழியே பூஞ்சை நுழைந்து புண்ணாகலாம். அந்த நேரத்தில் ஸ்டீராய்டு விட்டால் புண் ஆழமாகி, ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்று பார்வையை மறைக்கும். ஓலை பட்டு வலியோ கூச்சமோ இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். பக்கத்தில் ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்கள், சுண்ணாம்பு வேலை செய்கிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். சிமெண்டோ சுண்ணாம்போ கண்ணில் பட்டால் அங்கேயே அரை மணி நேரம் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும், இமையைப் பிரித்து உள்ளேயும் அலச வேண்டும். அலசி முடித்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பின்னல் தெரியாததற்கு வெள்ளெழுத்து, கண்புரை, சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்தல், இதில் எதுவும் காரணமாகலாம். கடிதத்தை வைத்து நான் தீர்மானிக்க முடியாது. ஒன்று மட்டும்: சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணாடிப் பவரும் மாறும். அது கட்டுக்குள் வந்த பிறகு கண்ணாடி போடுங்கள், இல்லாவிட்டால் காசு வீண்.

இந்த வாரத்திலேயே போய்க் கண் அழுத்தமும் பார்வை நரம்பும் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திரையைப் பார்க்கச் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிப்பார்கள். நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். நடுவில் திடீரென்று மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு இருந்ததால் கூடப்பிறந்தவர்களும் கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கே அவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.