மஞ்சக் கடுதாசி கொடுத்தால் கடன் தீருமா? வக்கீலிடம் கேட்டவை

ஈரோடு வாசகர்: விசைத்தறி ஓட்டி நொடிச்சுப் போயிட்டேன் சார். வெளிக்கடன் 18 லட்சம், வீட்டு மேல பேங்க் கடன் 11 லட்சம். ஐ.பி. (மஞ்சக் கடுதாசிங்கற திவால் மனு) போட்டுட்டா நிம்மதின்னு பக்கத்துத் தறிக்காரர் சொல்றார். நிஜமா?

பாதி நிஜம். 2016-ல் வந்த திவால் சட்டம் கம்பெனிகளுக்குத்தான் ஓடுகிறது. அதில் தனி ஆட்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களைத் தாண்டி இன்னும் வரவில்லை. உங்களுக்கு 1920-ம் வருஷத்துச் சட்டம்தான், மனு சப் கோர்ட்டில். சென்னை நகரத்துக்காரர் என்றால் 1909-ம் வருஷத்தது, ஹைகோர்ட்டில். எவ்வளவு பழசு என்றால், 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று அதில் இன்றும் இருக்கிறது.

மனுப் போட்ட அன்றைக்கே கடன் அழியாது. கோர்ட் உங்களை இன்சால்வென்ட் (திவாலானவர்) என்று அறிவித்தால் சொத்து அஃபிஷியல் ரிசீவர் என்ற அதிகாரி கைக்குப் போகும். அவர் விற்றுப் பிரித்துக் கொடுப்பார். அடமான வீட்டை பேங்க் தன் வழியில் ஏலம் விடும், ஐ.பி. அதைத் தடுக்காது. பிறகு கோர்ட் வைத்த கெடுவுக்குள் கடனிலிருந்து விடுவிப்புக் கேட்டு இன்னொரு மனுப் போட வேண்டும். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். போடாவிட்டால் அறிவிப்பே ரத்து. கடன் கொடுத்தவர்கள் மறுபடி வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அவரே மறுபடியும்: காட்டை ஆறு மாசம் முந்தி வீட்டுக்காரம்மா பேருக்கு செட்டில்மென்ட் எழுதிட்டேன். அது தப்பிக்குமா?

தப்பிக்காது. எழுதிக் கொடுத்து இரண்டு வருஷத்துக்குள் மனு விழுந்து நீங்கள் இன்சால்வென்ட் ஆனால், பணம் வாங்காமல் கொடுத்த சொத்தை ரிசீவர் திரும்ப இழுக்கலாம். என்னிடம் ஒருவர் பள்ளிக்கூட நோட்டில் 23 பேர் கடனை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தார். மச்சான் பெயரை மட்டும் காணோம். கேட்டால், "அவருக்குப் போன மாசமே செட்டில் பண்ணிட்டேங்க." ஊருக்கெல்லாம் நாமம், மச்சானுக்கு மட்டும் முழுசா! மனுவுக்கு முந்தைய மூன்று மாசத்தில் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்தால் அதுவும் செல்லாது. அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்து, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

சேலம்: ஐ.பி. போட்டா செக் கேஸ் நிக்குமா?

நிற்காது. கம்பெனி திவாலுக்குப் போனால்கூட, கம்பெனி மேல் உள்ள செக் கேஸ் மட்டும்தான் நிற்கும். கையெழுத்துப் போட்ட டைரக்டர் மேல் உள்ளது நடக்கும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கோவை: அண்ணனோட பிரைவேட் லிமிடெட் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். கம்பெனியை வேற ஆள் எடுத்துட்டாங்க. இப்ப பேங்க் என் மேல வருது. இது நியாயமா?

நியாயமோ இல்லையோ, சட்டம் பேங்க் பக்கம். 2019 டிசம்பர் 1 முதல் ஜாமீன்தாரரையும் கம்பெனித் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். வேறு ஆள் கம்பெனியை எடுத்து நடத்தும் மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்ததால் மட்டும் ஜாமீன்தாரர் விடுபட மாட்டார் என்பது 2021 தீர்ப்பு. இந்தப் பிரிவுகளே செல்லாது என்று போட்ட வழக்குகளும் 2023 நவம்பரில் தோற்றன. பேங்குக்கு வந்த தொகையைக் கழித்து, மீதிக்கு மட்டும் கணக்குக் கேளுங்கள். முழுக் கடனையும் எழுதி நோட்டீஸ் விடுவதைப் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்காகப் போட்ட கையெழுத்து என்பதெல்லாம் வாதமாகாது.

திருப்பூர்: நூல் கொடுத்த வகையில 40 லட்சம் நிக்குது. கம்பெனியை திவாலுக்கு இழுக்கலாமா?

2020 மார்ச்சிலிருந்து பாக்கி குறைந்தது 1 கோடி இருக்க வேண்டும். அதனால் நீங்கள் இழுக்க முடியாது. சிறு தொழிலாக உதயம் பதிவு இருந்தால் சிறு தொழில்களின் பாக்கி வழக்குகளைப் பார்க்கும் எம்.எஸ்.எம்.இ. கவுன்சிலுக்குப் போங்கள். வேறு யாராவது இழுத்துவிட்டால் பேப்பரில் விளம்பரம் வரும். அதிலுள்ள கடைசித் தேதிக்குள் பில், டெலிவரி சலானோடு உங்கள் கிளெய்மைக் கொடுத்துவிடுங்கள். சும்மா இருந்துவிட்டால், மீட்புத் திட்டம் ஒப்புதலானதும் உங்கள் பாக்கி செத்துப்போகும். கொடுத்தாலும் கைக்குப் பெரிதாக வரும் என்று நம்ப வேண்டாம். முதல் பந்தி பேங்குகளுக்கு.

ராஜபாளையம்: மில்லை மூடி விற்கப் போறாங்க. தொழிலாளிக்கு ஏதாவது மிஞ்சுமா?

மிஞ்சும். கடைசி 24 மாதச் சம்பள பாக்கி, அடமானம் வாங்கிய பேங்குகளோடு ஒரே வரிசையில் வரும். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதியில் உங்களுக்குச் சேர வேண்டிய பணம் பங்கு போடும் கணக்கிலேயே சேராது. சங்கத்திலிருந்து ஒருவர் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே கிளெய்மாகக் கொடுக்கலாம். கேட்டில் பூட்டு விழும் முன் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவேடு இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.