காரைக்குடியில் பால்கூடச் சேர்க்காமல் வாழ முடியுமா?

கேள்வி: "வேலை மாறுதலில் நானும் மனைவியும் காரைக்குடிக்கு வருகிறோம். கறி, மீன், முட்டை மட்டுமில்லை, பால், தயிர், நெய்யும் நாங்கள் சேர்ப்பதில்லை. செட்டிநாடு என்றாலே கோழியும் ஆட்டுக்கறியும்தானே, அங்கே எங்களால் சமாளிக்க முடியுமா?"

முடியும். நான் தேவகோட்டைப் பக்கம் பிறந்து காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். கறி, மீன், முட்டையை நிறுத்தி 16 வருடம் ஆகிறது. பாலையும் நெய்யையும் நிறுத்தி 9 வருடம். இரண்டையும் இந்த ஊரில் இருந்துகொண்டேதான் செய்தேன், அதனால் தைரியமாக வாருங்கள். ஆனால் நீங்கள் கோழியை நினைத்துப் பயப்படுகிறீர்கள். கோழி வேண்டாம் என்பது இங்கே ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். நெய் வேண்டாம் என்பதற்குத்தான் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

செட்டிநாட்டு வீடுகளில் கறி சாப்பிடாத நாட்கள் ஏராளம். வெள்ளி, செவ்வாய், அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி, பழனிக்கு நடக்க மாலை போட்டால் அந்த நாட்கள் முழுவதும். எங்கள் நகரத்தார் சமூகத்துக்கு இளையாற்றங்குடியில் தொடங்கி ஒன்பது கோயில், ஒன்பதும் சிவன் கோயில். எங்கள் கல்யாணப் பந்தியில் இன்றும் சைவம்தான் பரிமாறுகிறோம். வெளியூர் ஹோட்டல் பலகைகளில் 'செட்டிநாடு' என்ற பெயருக்குப் பின்னால் சிக்கன் ஒட்டிக்கொண்டதால் உலகத்துக்கே அப்படித் தெரிகிறது. அந்த மசாலாவையே எடுத்துப் பாருங்கள்: சோம்பு, பட்டை, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, கல்பாசி. எதிலும் விலங்கிலிருந்து வந்த பொருள் கிடையாது. கல்பாசி என்பது பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன். வாழைப்பூவைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்த கடலைப்பருப்பும் சோம்பும் சேர்த்து அரைத்து உருட்டிப் பொரித்தால் கோளா உருண்டை. பலாப்பிஞ்சு கிடைக்கும் காலத்தில் அதைப் பிரட்டலாகச் செய்து சாப்பிட்டுப் பாருங்கள், சொல்கிறேன்.

மண்டி என்ற புளிக்குழம்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களை வாரத்தில் இரண்டு நாள் காப்பாற்றப்போவது அதுதான். என் வீட்டுக்காரரின் அப்பத்தாதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நானும் அவரை அப்பத்தா என்றே கூப்பிடுவேன். அரிசியை முதல் முறை களைந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இரண்டாம் தண்ணீரைப் பிடித்து வைத்து, அதிலேயே புளியைக் கரைக்க வேண்டும். சட்டியில் நல்லெண்ணெய், கடுகு, உளுந்து, வெந்தயம். பிறகு முழுச் சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய். வெண்டைக்காயைத் தனியாகக் கொழகொழப்பு போக வதக்கிச் சேர்த்து, கரைத்த தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டால், அரிசித் தண்ணீரின் கஞ்சிப்பசையில் குழம்பு தானாகக் கெட்டிப்படும். தேங்காய்கூட வேண்டாம். வேகவைத்த மொச்சை இருந்தால் ஒரு கை போடலாம். "கொதிக்கையில கிண்டாதத்தா, காய் உடைஞ்சு போகும்" என்று அப்பத்தா பக்கத்திலேயே நிற்பார். மறுநாள் காலை அதையே பழையதுக்குத் தொட்டுக்கொண்டால் வேறொன்றும் கேட்காது. பாலோ தயிரோ ஒரு சொட்டு இல்லாத சாப்பாடு, தலைமுறை தலைமுறையாக எங்கள் அடுப்படியில் இருக்கிறது.

பால் வந்து ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே உழக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து ஊறப்போடுவார்கள். அதுவரை சரி. மாவு வெள்ளையாக இருக்கட்டும் என்று பல வீடுகளில் கடைசியில் இரண்டு கரண்டி பால் விடுவது உண்டு. தேன்குழல், சீப்புச் சீடைக்குப் பிசையும்போது வெண்ணெய் சேர்ப்பார்கள். மோர்மிளகாயை நினைவு வைத்துக்கொள்ளுங்கள், கூழ் வற்றலிலும் சில வீடுகளில் மோர் விடுவார்கள். பால் பணியாரத்தைத் தேங்காய்ப்பாலிலேயே ஊறவைத்துக் கொடுக்கச் சொல்லலாம், நிறையப் பேருக்கு அப்படித்தான் பிடிக்கும். கும்மாயத்தை நெய்க்குப் பதில் நல்லெண்ணெயில் கிண்டினால், கருப்பட்டியும் வறுத்த உளுந்தும் அந்த எண்ணெயோடு சேர்ந்து வரும் மணத்துக்கு நெய் ஈடாகாது என்பது என் கட்சி.

நான் பாலை விட்ட காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று உங்களிடமும் எல்லோரும் கேட்பார்கள். மாமியாருக்குக் கண்முன்னே கறந்த பால்தான் வேண்டும். பால்காரர் பசுவை முகப்புக்கே ஓட்டிவருவார், கூடவே கன்று துள்ளிக்கொண்டு வரும். ஒருநாள் கன்று வரவில்லை. சைக்கிள் பின்னால் ஒரு மூட்டை மாதிரி எதையோ கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். செத்துப்போன கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்தது. கால் இருந்த இடத்தில் நான்கு குச்சி. கழுத்துப் பக்கம் தையல் பிரிந்து வைக்கோல் தெரிந்தது. அதைப் பசுவின் முகத்துக்கு நேரே சாய்த்து வைத்துவிட்டு அவர் கறக்க உட்கார்ந்தார். பசு அதன் காதை நக்கிக்கொண்டே இருந்தது. நக்க நக்க மடி சுரந்தது. சொம்பை வாங்கி உள்ளே கொண்டுபோனவள் நான், அந்தச் சூடு உள்ளங்கையில் இருந்தது. அன்றைக்கு என்னால் காப்பி குடிக்க முடியவில்லை. பிறகு எப்போதும் முடியவில்லை. பால்காரர் மேல் எனக்குக் கோபம் கிடையாது, இரண்டு மாட்டை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் அவர். எனக்கு அந்தப் பால் வேண்டாம், அவ்வளவுதான்.

இதைச் சொல்ல நம்மிடம் புழக்கத்தில் ஒரு சொல் இல்லாததுதான் அன்றாடத் தொல்லை. 'வீகன்' என்ற சொல்லை 1944இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவரோடு இருந்தவர்களும் உண்டாக்கினார்கள். தமிழில் 'நனிசைவம்' என்று அழகாக ஆக்கியிருக்கிறார்கள், ஆனால் கல்லுக்கட்டிக் கடைவீதியில் அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. 'நான் சைவம்' என்று சொன்னால் பாயசம் வந்துவிடும். சாமிக்கே பாலில்தான் அபிஷேகம், அது எப்படி ஆகாததாகும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அதனால் பெயர் எதுவும் சொல்லாதீர்கள். "பால், தயிர், மோர், நெய் நாலும் சேர்க்கிறதில்லை ஆச்சி" என்று பொருளாகச் சொல்லுங்கள். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று பொய் சொல்லவும் வேண்டாம். நான் முதல் வருடம் அப்படிச் சொல்லி, ஆளுக்கொரு கைவைத்தியமும் ஆளுக்கொரு டாக்டர் பெயருமாக வந்து சேர்ந்தன. உண்மையைச் சொன்ன பிறகுதான் நிம்மதி.

அடுத்தது காப்பி. இங்கே ஒரு வீட்டு முகப்பில் கால் வைத்தால் உள்ளேயிருந்து வரும் முதல் குரல் "காப்பி சாப்பிடுறீகளா" என்பதுதான். வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்னது போல முகம் வாடிவிடும். நான் "வரக்காப்பியாப் போட்டுக் குடுங்க ஆச்சி" என்று கேட்டுவிடுவேன். கேட்டு வாங்கிக் குடிப்பதில் அவர்களுக்கு இரட்டைச் சந்தோஷம். கருப்பட்டி போட்ட சுக்குமல்லிக் காப்பி என்றாலும் உடனே கிடைக்கும்.

வெளியே சாப்பிடும்போது கவனமாக இருங்கள். ஊரில் சுத்த சைவ ஹோட்டல்கள் இருக்கின்றன. கறிக்கடையிலேயே சைவச் சாப்பாடும் போடும் மெஸ்களில், சைவக் குருமா என்று ஊற்றிய சால்னாவில் எனக்கு ஒருமுறை எலும்புத் துண்டு வந்தது. கேட்டதற்கு "கரண்டி மாறிருச்சு" என்றார்கள். அதன்பிறகு அந்த மாதிரி இடங்களுக்கு நான் போவதில்லை. பரோட்டா மாவில் பாலோ முட்டையோ சேர்க்கிற கடைகள் நிறைய. சைவ ஹோட்டலில் உட்கார்ந்தவுடனே "தோசைக்கு எண்ணெய் மட்டும், பருப்புக்கு நெய் விடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். வத்தக்குழம்பு, ரசம், கூட்டு, பொரியல் என்று இலை நிறைந்துவிடும். பாக்கெட் வாங்கும்போது பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள், பால் கலந்த பொருளுக்கும் அதே பச்சைப் புள்ளிதான். பால்கூட இல்லாததற்கு, பச்சை நிறத்தில் 'வி' எழுத்தும் மேலே சின்ன இலையுமாகத் தனி முத்திரை வந்திருக்கிறது. எங்கள் பக்கத்து மளிகைக் கடைகளில் அது அபூர்வம், அதனால் பொருள் பட்டியலைப் படித்துவிடுவதே வழி.

இனி சொல்லப்போவதை உங்கள் மனைவியும் கட்டாயம் படிக்க வேண்டும். பாலை நிறுத்திய மூன்றாம் வருடம் எனக்கு உள்ளங்கால் மரத்துப்போக ஆரம்பித்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. வேலை அலுப்பு என்று ஏழு மாதம் தள்ளிப்போட்டேன். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைவு என்று வந்தது. இந்தச் சத்தைச் செடிகள் உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால், நிறுத்திச் சில வருடங்கள் கழித்துத்தான் குறை வெளியே தெரியும். கவனிக்காமல் விட்டால் நரம்புக்கு நிரந்தரக் கேடு. இட்லி மாவு புளிப்பதிலேயே கிடைத்துவிடும், கீரையில் கிடைத்துவிடும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், நான் நம்பித்தான் கெட்டேன். டாக்டரிடம் அளவு கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், வருடம் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். கேப்சூல் கூடு பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், அதனால் மாத்திரையாகவே கேளுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குப் பயமில்லை: 100 கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் என்றால், 100 கிராம் கேழ்வரகில் 340க்கு மேல், முருங்கைக்கீரையில் 300க்கு மேல். எள்ளுருண்டையும் இருக்கிறது. சாப்பிட்ட கையோடு காப்பி குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அது இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

தயிர்தான் ரொம்ப நாள் ஏங்கவைத்தது. இப்போது நிலக்கடலையில் உறைகுத்துகிறேன். ஒரு கப் பச்சைக் கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, நான்கு கப் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் எட்டுப் பத்து மிளகாய்க் காம்புகளை உள்ளே போட்டு மூடிவைத்தால், காரைக்குடி வெயிலுக்கு எட்டு மணி நேரத்தில் உறைந்துவிடும். முதல் தயிரில் லேசாகக் காரம் அடிக்கும், அதை உறையாக வைத்துக்கொண்டு மறுநாள் ஊற்றுவதுதான் சாப்பிடும் தயிர். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இந்தத் தயிர்ச்சோறு சாப்பிடும்போது எனக்கு ஒரு குறையும் தெரிவதில்லை.

இத்தனையிலும் எனக்கு மிகவும் வலித்தது பிள்ளையார் நோன்பு. கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள் மார்கழியில் வரும். நெல்பொரி, கம்புப்பொரி, சோளப்பொரி, எள்ளுப்பொரி, அவல்பொரி என்று படைத்து, இனிப்பு மாவில் 21 நூலிழைத் திரியை வைத்து நெய்யில் ஏற்றி, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் கையில் தருவார். எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இழை எடுப்பது என்று பெயர். பாலை விட்ட முதல் வருடம், மாவிலும் நெய், திரியிலும் நெய் என்று நான் எடுக்காமல் இரண்டாம் கட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. இறைச்சியை விட்டபோதுகூட என் வீட்டிலிருந்து நான் விலகி நின்றதில்லை.

அடுத்த வருடம் மாமியார் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, ஊஞ்சலில் இருந்த அப்பத்தா எழுந்து வந்தார். "அவளுக்கு ஒரு உருண்டை நல்லெண்ணெயில பிசைத்தா. சாமி விளக்குக்கு நல்லெண்ணெய் ஆகும்னா இழைக்கு ஆகாதா?" என்றார். மாமியார் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு எழுந்து போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார்.

அதுமுதல் ஒவ்வொரு நோன்புக்கும் என் பங்கை மாமியார் தனியாகத்தான் பிசைகிறார். மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்று, அதன் பக்கத்தில் ஓர் ஆவாரம்பூவை அடையாளத்துக்கு வைத்துவிடுவார்.