ஏழாம் வகுப்பு மகளுக்கு நிரலாக்கத்தை எதிலிருந்து தொடங்கலாம்?

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளைப் பைத்தான் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து எழுதும் நிரல்மொழி) வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள் என்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தருகிறேன். முதல் ஆண்டு முறைப்படிதான் தொடங்கினேன். மாறி என்றால் என்ன, மடக்கு என்றால் என்ன என்று பலகை நிறைய எழுதிப்போட்டேன். நான்காவது வாரம் பாதிப் பேர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அதற்குப் பிறகு ஸ்கிராட்ச் என்ற பிள்ளைகளுக்கான நிரல்மொழிதான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் 2007-ல் வெளியிட்டது, இலவசம். கணினியில் நிறுவிக்கொண்டால் இணையமும் வேண்டாம். கட்டளைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். ஓர் எழுத்து விட்டுப்போனதற்காக அரை மணி நேரம் அழ வேண்டியதில்லை.

முதல் நாள் "என்ன செய்ய ஆசை?" என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலானோர் விளையாட்டு என்பார்கள். ஒரு பெண் கோலம் போட வேண்டும் என்றாள். ஸ்கிராட்சில் கோடு வரைய உதவும் 'பேனா' என்ற கூடுதல் வசதியைச் சேர்த்துக்கொண்டு ஐந்து முனை நட்சத்திரத்தில் தொடங்கினோம்: நூறு அடி நட, 144 பாகை திரும்பு, இதை ஐந்து முறை செய். அவள் கைதவறி 140 என்று போட்டுவிட்டாள். கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை. திருத்தச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஐந்தை எட்டாக்கினாள். பிறகு பன்னிரண்டு, பதினைந்து. பதினெட்டில் கோடு கூடிவிட்டது. திரையில் பதினெட்டு முனைப் பூ!

"ஏன் சார் பதினெட்டு?"

கோடு தொடங்கிய இடத்துக்கே வர, திரும்பிய பாகைகளின் கூட்டுத்தொகை முழுச் சுற்றுகளாக, அதாவது 360-இன் மடங்காக, இருக்க வேண்டும்; அதனால் 140, 360 இரண்டுக்கும் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கண்டுபிடி என்றேன். 2520. அதை 140-ஆல் வகுத்தால் 18. பரீட்சைக்கு வெளியே மீ.சி.ம.வுக்கு வேலை உண்டு என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். அதன்பின் 135-க்கு எட்டு, 160-க்கு ஒன்பது என்று முதலில் தாளில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் கணினியிடம் சரிபார்த்தாள்.

(கோலமும் கணினியும் புது உறவல்ல. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களுக்குக் கணினி இலக்கணம் வகுத்து 1974-லேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.)

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மவுஸைத் தொடாதீர்கள். பிழை உங்கள் கண்ணில் பட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். எனக்கே இது இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

பைத்தான் எப்போது? துண்டுகளை இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது, தட்டச்சு செய்தால் சீக்கிரம் முடியுமே என்று மகளே அலுத்துக்கொள்ளும்போது. கோலம் போட்ட அந்தப் பெண் எட்டாம் வகுப்பில் அப்படித்தான் மாறினாள். பைத்தானோடு சேர்ந்தே வரும், படம் வரைவதற்கான டர்ட்டில் தொகுப்பில் நடப்பதும் திரும்புவதும் அதே மாதிரிதான் என்பதால் நான் சொல்லித்தர அதிகம் இருக்கவில்லை. அவள் அதில் முதலில் வரைந்தது அதே 140 பாகைப் பூ.