மாடியில சோலார் போட்டா மாசாமாசம் பணம் வருமா?

கேள்வி: சார், எங்க வீட்ல ரெண்டு மாசத்துக்கு 450 யூனிட் ஓடுது. சோலார் போடுறவர் ஒருத்தர், 5 கிலோவாட் போடுங்க, கவர்மென்ட் மாசாமாசம் அக்கவுண்ட்ல பணம் போடும்னு சொல்றார். ஈபி கனெக்‌ஷன் இறந்துபோன என் மாமனார் பேர்லதான் இன்னும் இருக்கு. போடலாமா?
- ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: தாராளமா போடுங்கம்மா, ஆனா 5 கிலோவாட் வேணவே வேணாம். மாசாமாசம் பணம்ங்கிறது சுத்தப் பொய். 2024 பிப்ரவரியில மத்திய அரசு ஆரம்பிச்ச பிஎம் சூர்யா கர்ங்கிற மாடி சோலார் திட்டத்துல மானியம் ஒரே ஒரு தடவைதான், 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கு 78,000, அதுக்கு மேல நீங்க 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான், அந்தக் கூடுதல் செலவு முழுசும் உங்க கையில இருந்துதான் போகும்.

1 கிலோவாட் ஒரு நாளைக்கு சுமாரா 4 யூனிட் தரும். அப்போ 2 கிலோவாட் ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட், உங்க வீட்டுக்கு அது போதும். பகல்ல மிஞ்சுற கரண்ட் லைனுக்குப் போகும், அதை நீங்க எடுத்ததுல கழிச்சுட்டு பில் போடுவாங்க. உங்களுக்கு வர்ற லாபம் இந்தக் கழிவுதான்.

முதல் வேலையா கனெக்‌ஷனை உங்க வீட்டுக்காரர் பேருக்கு மாத்துங்க. இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ் எடுத்துட்டு ஈபி ஆபீஸ் போங்க. அப்புறம் அவர் பேர்லயே அந்தத் திட்டத்தோட போர்ட்டல்ல பதிவு பண்ணி, அங்க பதிவான வெண்டரை மட்டும் பிடிங்க. பேனலும் அதுக்குள்ள இருக்கிற செல்லும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும், இல்லேன்னா மானியம் கிடையாது, இதை கொட்டேஷன்லயே எழுதி வாங்கிடுங்க. லைனுக்குப் போற கரண்டையும் நீங்க எடுக்கிற கரண்டையும் கணக்கெடுக்கிற நெட் மீட்டர் வச்சு எல்லாம் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் மானியப் பணம் வரும், அதுவும் உங்க பேங்க் அக்கவுண்டுக்கே நேரா வரும், அதனால மானியத்தை நாங்க வாங்கிக்கிறோம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

இன்னொண்ணு, பேட்டரி இல்லாத சிஸ்டம் கரண்ட் கட் ஆனா வெயில் அடிச்சாலும் நின்னுடும், லைன்ல வேலை பாக்குறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்காங்க.

நான் எங்க வீட்ல போடறதுக்கு முன்னாடி காலைல 9 மணி, மத்தியானம், சாயங்காலம் 3 மணின்னு மூணு வேளையும் மாடி ஏறி தண்ணி டேங்க் நிழலும் தென்னை மட்டை நிழலும் விழுற இடத்தை சாக்பீஸால கோடு போட்டு வச்சேன். ஒரு பேனல்ல நிழல் விழுந்தாலே பக்கத்துப் பேனலோட கரண்டும் குறைஞ்சிடும்மா. நீங்களும் ஒரு நாள் கோடு போட்டுப் பாத்துட்டு அப்புறமா வெண்டரைக் கூப்பிடுங்க.