மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை

கேள்வி: எனக்கு நான்கு வயதில் மகன், ஒன்றரை வயதில் மகள். கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குள் கால் வைத்ததிலிருந்து ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் தூங்கும்வரை ஒரே ரகளை. டி.வி.யை அணைத்தால் அழுகை, குளிக்கக் கூப்பிட்டால் ஓட்டம், சாப்பிட உட்கார்ந்தால் அண்ணனும் தங்கையும் சண்டை. தினமும் கத்திவிடுகிறேன். அவர்கள் தூங்கிய பிறகு முகத்தைப் பார்த்து அழுகிறேன். கணவர், ‘நீ செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்’ என்கிறார். பகலில் பார்த்துக்கொள்ளும் என் அம்மாவோ, ‘என்னிடம் சமத்தாகத்தானே இருக்கிறான்’ என்கிறார். நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: உங்கள் அம்மா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்திலேயே உங்களுக்கு அதிகம் வலித்த வரி அதுதான் என்று தோன்றுகிறது. அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு நீங்கள் நினைக்கும் அர்த்தம் இல்லை. பகல் முழுக்க அடக்கி வைத்திருந்ததை, யாரிடம் கொட்டினால் தன்னை விட்டுப் போகமாட்டார்கள் என்று தெரியுமோ அவர்களிடம்தான் குழந்தை கொட்டும். அதோடு பாட்டியிடம் இருக்கும்போது மணி காலை பத்து. உங்களிடம் வரும்போது மாலை ஆறு. களைத்து, பசித்துப்போன பிள்ளையை, அதே அளவு களைத்துப்போன நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள். இந்த ஒப்பீட்டை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்து, உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். டி.வி.யை அணைக்கும்போது, குளிக்கக் கூப்பிடும்போது, சாப்பிட உட்காரும்போது. மூன்றுமே ஒன்றிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் நடும் நேரங்கள். செய்துகொண்டிருப்பதை நிறுத்துவது, ஆசையை அடக்குவது, சட்டென்று வேறொன்றுக்கு மாறுவது ஆகிய மூன்றுக்கும் மூளையின் முன்பகுதிதான் வேண்டும். அது முழுதாக முதிர்வது இருபதுகளின் நடுவில். நான்கு வயதில் அந்த வேலை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. ‘எல்லாம் தெரியும், வேண்டுமென்றே செய்கிறான்’ என்று பெற்றோர் என்னிடம் சொல்லும்போதெல்லாம் பாதிதான் ஒப்புக்கொள்வேன். தெரியும், சரி. தெரிந்ததைச் செய்து முடிக்கும் பலம் மாலை ஏழு மணிக்கு அவனிடம் மிச்சம் இல்லை.

தினமும் ஒரே இடத்தில் சண்டை வெடித்தால், குழந்தையின் குணத்தைவிட அந்த இடத்தின் ஏற்பாட்டைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஆகவே ‘நல்ல தாயாவது எப்படி’ என்ற பெரிய கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் பார்ப்போம்.

டி.வி.யில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்றவற்றின் சூட்சுமமும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் ‘போதும், அணை’ என்கிறீர்கள். அவன் அழுகிறான். தலை வலிக்கிறது. ‘சரி, இன்னும் ஐந்து நிமிடம்’ என்கிறீர்கள். அழுகை நிற்கிறது. இந்த அரை நிமிடத்தில் இரண்டு பேர் பாடம் படித்துவிட்டார்கள். அழுதால் கிடைக்கும் என்று அவன் படித்தான். விட்டுக்கொடுத்தால் வீடு அமைதியாகும் என்று நீங்கள் படித்தீர்கள். இரண்டு பேருக்கும் பரிசு கிடைத்ததால் நாளைக்கும் இதே நாடகம் நடக்கும், சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் வீடு வீடாகக் கவனித்துக் கண்டுகொண்டது இந்தச் சுழலைத்தான். இதில் கெட்டவர் யாரும் இல்லை. குழந்தையும் தாயும் ஒருவரையொருவர் பழக்கிக்கொண்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, எப்படி வெளியே வருவது? முதலில் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு முதல் நான்கு வயதுவரை உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. ஒன்றரை வயது மகளுக்குத் திரையே வேண்டாம். அண்ணன் பார்க்கும்போது அவளை மட்டும் பார்க்காதே என்றால் நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்காது. அதனால் அவன் பார்க்கும் நேரத்தில் உங்களில் ஒருவர் அவளைக் குளிப்பாட்டிவிடலாம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்று நான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்வதில் பயனில்லை. ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியாது. ‘இரண்டு கதை, அப்புறம் அணைக்க வேண்டும்’ என்று, டி.வி.யைப் போடும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை நிறுத்தி வையுங்கள். அது இருக்கும்வரை நீங்கள் ஒரு கம்பெனியின் சாமர்த்தியத்தோடு மல்லுக்கு நிற்கிறீர்கள். கடைசி இரண்டு நிமிடம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ‘அந்த நாய்க்குட்டி எங்கே போகிறது?’ என்று அவன் உலகத்துக்குள் நுழையுங்கள். முடிந்ததும் பொத்தானை அவனே அழுத்தட்டும். அணைத்த கையோடு செய்ய ஏதாவது தயாராக இருக்க வேண்டும், வெறும் வெற்றிடத்துக்குள் அவனை இறக்கிவிடக் கூடாது.

முதல் சில நாட்கள் அழுகை கூடத்தான் செய்யும், இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் திறந்த கதவு திறக்கவில்லை என்றால் யாரும் முதலில் பலமாகத் தட்டித்தான் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் தாங்காமல் நீங்கள் விட்டுக்கொடுத்தால், ‘இவ்வளவு அழுதால்தான் கிடைக்கும்’ என்ற புதிய கணக்கு அவன் மனதில் ஏறிவிடும். எப்போதாவது விழும் லாட்டரிப் பரிசுதான் மனிதரைத் தொடர்ந்து சீட்டு வாங்க வைக்கிறது, பிள்ளைகளும் அப்படியே. இங்கே என் சொந்த வழி ஒன்று: இன்று உங்களுக்கு எதிர்த்து நிற்கத் தெம்பில்லை என்று தெரிந்தால், அவன் வாய் திறந்து கேட்ட உடனேயே ‘சரி, இன்று இன்னொரு கதை’ என்று கொடுத்துவிடுங்கள். கேட்டதற்குக் கொடுத்தது வேறு, அழுததற்குக் கொடுத்தது வேறு.

குளியல் விஷயத்தில் சிக்கல் பெரும்பாலும் கூப்பிடும் விதத்தில்தான். அடுக்களையிலிருந்து ஆறு முறை குரல் கொடுக்கிறோம். முதல் ஐந்தும் சும்மா, ஆறாவது கத்தல்தான் நிஜம் என்று பிள்ளை சரியாகவே புரிந்துவைத்திருக்கிறது. அடுப்பைத் தணித்துவிட்டு அருகில் போங்கள், தோளைத் தொடுங்கள், ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள், வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். அந்த ஐந்து நொடி மிக நீளமாகத் தோன்றும். ‘குளிக்கலாமா?’ என்று கேட்காதீர்கள், கேள்வி கேட்டால் ‘வேண்டாம்’ என்பதும் ஒரு நியாயமான பதிலாகிவிடும். குளிப்பதா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், ‘நீயே தண்ணீர் ஊற்றிக்கொள்கிறாயா, நான் ஊற்றட்டுமா?’ என்பதை அவன் முடிவு செய்யட்டும். ‘ஓடாதே’ என்பதைவிட ‘நடந்து வா’ என்பது சின்னப் பிள்ளைக்குச் சீக்கிரம் புரியும், என்ன செய்ய வேண்டும் என்ற செய்தி அதில்தான் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. எதை, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. எல்லின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் வகுத்த இந்தப் பிரிவினை இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிறது. ஒரு வயதுக்குப் பிறகு வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் குறைவது இயல்பு. எடை சரியாக ஏறுகிறது என்று மருத்துவர் சொன்னால் வாயில் திணிக்கும் வேலையை விட்டுவிடலாம். தட்டு முன்னால் அண்ணன் தங்கை சண்டையா? இருவருக்கும் நடுவில் ஒரு பெரியவர் உட்காருங்கள், அது போதும்.

நான் கூடுதலாகக் கவலைப்படுவது தூக்கத்தைப் பற்றி. மூன்று முதல் ஐந்து வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தேவை, ஒன்று முதல் இரண்டு வயதுவரை 11 முதல் 14 மணி நேரம். ஒன்பதுக்குத் தூங்கி ஆறுக்கு எழுந்தால் ஒன்பதுதான் ஆகிறது. பகல் தூக்கத்தில் மீதி நிரம்புகிறதா என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து விழுவார். குழந்தையோ துள்ளும், ஓடும், கெக்கெக்கெவென்று சிரித்துவிட்டு அடுத்த நொடி அழும். பார்ப்பவர்கள் ‘எவ்வளவு சக்தி பாருங்கள்’ என்பார்கள். கணக்கு குறைகிறதென்றால் சில நாட்களுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். பல் துலக்குவது, உடை மாற்றுவது, கதை, விளக்கணைப்பு என்று தினமும் அதே வரிசை.

வீட்டுக்குள் நுழையும் அந்த முதல் பத்து நிமிடத்தை மட்டும் எனக்குக் கொடுங்கள். அடுக்களைக்குப் போகாமல், போனை எடுக்காமல் தரையில் உட்காருங்கள். ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் 1970-களில் உருவாக்கிய பெற்றோர்–குழந்தை சிகிச்சை முறையில் பெற்றோருக்குத் தரப்படும் தினசரி வீட்டுப்பாடமே ஐந்து நிமிட விளையாட்டுதான். அதற்கு விதி உண்டு: பிள்ளைதான் தலைவர், நீங்கள் கட்டளை போடக் கூடாது, குறை சொல்லக் கூடாது, கேள்வியும் கேட்கக் கூடாது. ‘இது என்ன நிறம்?’ என்று ஆரம்பித்தால் விளையாட்டு பரீட்சையாகிவிடும். ‘ஓ, லாரி மலை ஏறுகிறது’ என்று பார்த்ததைச் சொன்னால் போதும். நானே என் மகனோடு உட்கார்ந்தபோது இரண்டாவது நிமிடத்தில் எண் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டேன், அவன் எழுந்து போய்விட்டான்! உங்கள் வீட்டில் இரண்டு பேர் இருப்பதால் ஆளுக்கொரு பிள்ளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள், மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். அன்று அவன் எவ்வளவு சேட்டை செய்திருந்தாலும் இந்த நேரத்தைத் தண்டனையாகப் பறிக்காதீர்கள்.

இதையெல்லாம் செய்தும் ஒருநாள் அவன் தரையில் விழுந்து புரளுவான். அப்போது நியாயம் பேசாதீர்கள், காதில் ஏறாது. அடிபடாமல் பார்த்துக்கொண்டு, ‘உனக்குக் கோபம் வந்திருக்கிறது, நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று ஒரு முறை சொல்லிவிட்டு அருகில் இருங்கள். கோபம் சட்டென்று உச்சிக்கு ஏறிச் சட்டென்று இறங்கும், பின்னால் வரும் அழுகையில் துக்கம்தான் மிச்சம் இருக்கும். அந்தக் கட்டத்தில் அவனாகவே மடியைத் தேடி வருவான், அணைத்துக்கொள்ளலாம். கேட்டது மட்டும் கிடைக்காது. தங்கையை அடிக்கக் கை ஓங்கினால் கையைப் பிடித்து, ‘அடிக்க விடமாட்டேன்’ என்பதோடு நிறுத்துங்கள். மகளுக்கு ஒன்றரை வயதுதான், அவளிடம் விதி பேசிப் பயனில்லை. தூக்கி வேறு இடத்தில் உட்கார வைத்து வேறொன்றைக் கையில் கொடுப்பதே அவளுக்கான ஒழுங்குமுறை.

கத்திவிட்டு அழுவதைப் பற்றி. எட்வர்ட் டிரோனிக் என்ற ஆராய்ச்சியாளர் 1970-களிலிருந்து தாயும் சேயும் பழகுவதை நொடி நொடியாகக் கவனித்தவர். நன்றாக இருக்கும் உறவிலும் இருவரும் ஒத்திசைந்திருப்பது ஏறத்தாழ 30 சதவீத நேரம் மட்டுமே என்று கண்டார். மீதி நேரமெல்லாம் தாளம் தப்புவதும் மறுபடி சேருவதும்தான். பிள்ளைக்குத் தேவை அந்த மறுபடி சேருதல். ஆகவே தூங்கிய முகத்திடம் மன்னிப்புக் கேட்காதீர்கள், விழித்திருக்கும்போதே கேளுங்கள். ‘நான் கத்திவிட்டேன். நீ பயந்திருப்பாய். அது என் தப்பு.’ இவ்வளவுதான். ‘ஆனால் நீயும் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால்...’ என்ற வால் வேண்டாம். கத்தியதற்குத்தான் மன்னிப்பு, டி.வி.யை அணைத்ததற்கு இல்லை. இதில் பல பெற்றோர் குழம்பி, குற்ற உணர்வில் ஒரு கதை கூடுதலாகப் போட்டுவிடுகிறார்கள்.

உங்கள் கணவர் சொல்லும் ‘செல்லம்’ பற்றி ஒரு வார்த்தை. அன்பைக் கூட்டினால் கண்டிப்பு குறையும் என்று தராசுபோல் நினைக்கிறோம். அப்படி இல்லை என்று டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960-களிலேயே காட்டிவிட்டார். இரண்டும் ஒருசேர இருக்கலாம், இருப்பதுதான் நல்லது. இதை அவரிடம் ஏழரை மணிக்குச் சொல்லாதீர்கள். விடுமுறை நாளில், பிள்ளைகள் தூங்கும்போது, இருவரும் மாற்றாமல் கடைப்பிடிக்கப்போகும் மூன்று விதிகளை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள், பிள்ளைகள் முன்னால் ஒருவர் சொன்னதை மற்றவர் வெட்டாதீர்கள். அப்புறம், மாலையின் ஒரு பகுதியை முழுசாக அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். குளியலிலிருந்து படுக்கைவரை மகன் அவர் பொறுப்பு என்றால் அவர் பொறுப்புதான். சட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டாலும் வாயைத் திறக்காதீர்கள். அதுதான் கஷ்டம், தெரியும்.

அழுகை அடிக்கடி இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டினால், தன்னையே காயப்படுத்திக்கொண்டால், அல்லது மகள் பேசிவந்த சொற்களை இழந்தாலோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். உங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. தினமும் அழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வராமல், பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், உங்களுக்காக ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதைப் பிள்ளைகளின் விஷயத்துக்கு முன்னால் வையுங்கள்.

இதில் எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்காதீர்கள். முதல் வாரம் அந்தப் பத்து நிமிடம் மட்டும். இரண்டாவது வாரம் டி.வி., அதையும் விடுமுறைக்கு முந்தைய மாலையில் ஆரம்பியுங்கள். முதல் இரண்டு நாள் அழுகையைத் தாங்க நீங்கள் இருவரும் வீட்டில் இருப்பீர்கள்.